குறைந்த செலவில் வீட்டுப் பட்டறை மில்லிங்: இயந்திரம் தேர்வதிலிருந்து முதல் பாகம் வரை

டிரில்லிங் மெஷினையே, சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவி வடிவம் கொடுக்கும் மில்லிங் மெஷினாக்கிவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பினேன். மேசையில் இரு திசையிலும் நகரும் வைஸ் (இடுக்கிப் பிடி) ஒன்றை முடுக்கி, டிரில்லைப் பிடிக்கும் சக்கில் எண்ட் மில்லை (நுனியிலும் பக்கத்திலும் பல் கொண்ட கட்டரை) மாட்டி, அலுமினியத் துண்டின் விளிம்பைச் சீவத் தொடங்கினேன். முதல் அரை நிமிடம் நன்றாகத்தான் போனது. பிறகு சக் மொத்தமாகக் கழன்று, சுழன்றபடியே வைஸின் மேல் விழுந்து தரைக்குத் துள்ளியது. கட்டர் இரண்டாக உடைந்தது. என் கால் விரல்கள் தப்பியது அதிர்ஷ்டம்.

காரணம் எளிமையானது. டிரில்லிங் மெஷினில் சக் ஒரு கூம்பின் இறுக்கத்தில் மட்டுமே நிற்கிறது. துளையிடும்போது விசை முழுவதும் கீழிருந்து மேலே அழுத்துவதால் கூம்பு மேலும் மேலும் இறுகும். மில்லிங்கில் விசை பக்கவாட்டில் வருகிறது. அதோடு எண்ட் மில்லின் திருகுப் பள்ளங்கள் கட்டரைக் கீழ்நோக்கி இழுக்கின்றன. அதிரும் கூம்பு மெல்ல மெல்லத் தளர்ந்து ஒரு கணத்தில் விட்டுவிடும். பேரிங்குகளும் பக்கவாட்டுச் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

வீட்டு மில்லிங்கில் பணத்தை எங்கே போடுவது என்று யாராவது கேட்டால், அன்றிலிருந்து என் பதில் ஒன்றுதான்: பிடிமானத்தில். கட்டரை ஸ்பிண்டில் (இயந்திரத்தின் சுழலும் தண்டு) பிடிக்கும் பிடி, வேலைத் துண்டை வைஸ் பிடிக்கும் பிடி, மேசையை அதன் தடங்கள் பிடிக்கும் பிடி. இந்த மூன்றும் உறுதியாக இருந்தால் சிறிய இயந்திரமும் நல்ல வேலை செய்யும். ஒன்று ஆடினாலும் பெரிய இயந்திரம் வீண்.

எந்த இயந்திரம்

டிரில்லிங் மெஷினை விட்டுவிடுங்கள். மீதம் நான்கு வழிகள் இருக்கின்றன.

ஏற்கெனவே லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் அதன் குறுக்கு ஸ்லைடில் செங்குத்து ஸ்லைடு ஒன்றைப் பொருத்தி, கட்டரை ஸ்பிண்டிலில் பிடித்து மில்லிங் செய்யலாம். இடம் குறுகல், வேலைத் துண்டைப் பொருத்துவது ஒவ்வொரு முறையும் ஒரு புதிர். ஆனால் தண்டில் சக்கரத்தைப் பூட்டும் சாவிக்கான பள்ளம், சிறு தட்டையான முகம் போன்றவற்றுக்கு இதுவே மிகக் குறைந்த செலவு.

மேசை மேல் வைக்கும் மினி மில் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். ஐம்பது முதல் எழுபது கிலோ எடை, இரண்டு பேர் தூக்கிவிடலாம், வீட்டு மின்சாரமே போதும். இதன் தூண் பல மாதிரிகளில் பின்னால் ஒரே ஒரு பெரிய நட்டில் நிற்கிறது; அதுதான் இதன் பலவீனம். தூணின் முதுகிலிருந்து அடித்தளம் வரை கனமான இரும்புத் தகடு ஒன்றைப் போல்ட் செய்து முட்டுக் கொடுத்தால் வித்தியாசம் கையில் தெரியும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் அதிகச் சுமையில் உடையும் என்று பலர் குறை சொல்வார்கள். நான் அதை ஃபியூஸ் என்றே பார்க்கிறேன். உதிரி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் முடிந்தது.

பழைய பெரிய மில்லிங் மெஷின் கிடைத்தால், அதை வைக்க இடமும் தாங்கும் தரையும் இருந்தால், யோசிக்காமல் அதை வாங்குங்கள். எடையே உறுதி. வாங்கும்முன் மூன்று சோதனைகள். ஸ்பிண்டிலில் டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவியை) வைத்து ஒரு மரக்கட்டையால் பக்கவாட்டில் நெம்பிப் பாருங்கள், முள் 0.02 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் பேரிங் செலவு காத்திருக்கிறது. மேசையின் கைச்சக்கரத்தை நடுப்பகுதியிலும் ஓரங்களிலும் முன்னும் பின்னும் திருப்பி, மேசை அசையும்முன் சக்கரம் எவ்வளவு சும்மா சுழல்கிறது என்று பாருங்கள். நடுவில்தான் தேய்மானம் அதிகம் இருக்கும். ஸ்பிண்டிலின் உள் கூம்பில் விரலை விட்டுத் தடவுங்கள்; கீறலும் மேடும் தட்டுப்பட்டால் பேரம் பேசுங்கள். மோட்டார் மும்முனை மின்சாரத்தில் ஓடுவதாக இருந்தால் பயப்படத் தேவையில்லை. ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக மாற்றித் தரும் விஎஃப்டி கருவியைப் பொருத்தினால் வேகக் கட்டுப்பாடும் இலவசமாகக் கிடைக்கும்.

நான்காவது, கணினி வழி இயங்கும் சிறிய சிஎன்சி ரூட்டர். மரத்துக்கென்று வந்தது. சிறிய கட்டரும் மிகக் குறைந்த ஆழமும் என்றால் அலுமினியத்தைச் சமாளிக்கும். இரும்பில் அதை வதைக்க வேண்டாம்.

பாதிப் பணம் கருவிகளுக்கு

முதன்முறை வாங்குபவர்கள் கையில் உள்ளதை எல்லாம் இயந்திரத்தில் கொட்டிவிடுகிறார்கள். பிறகு வைஸ் இல்லாமல் இரண்டு மாதம் அதைத் துணி போர்த்திப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மொத்தத் தொகையில் பாதியை இவற்றுக்கு ஒதுக்குங்கள்.

கட்டரின் தண்டைக் கவ்விப் பிடிக்கும் பிளவுபட்ட குழல்களான கோலெட் தொகுதி முதலில். எண்ட் மில்லை டிரில் சக்கில் பிடிக்கவே கூடாது. சக்கின் மூன்று தாடைகளும் கட்டரின் தண்டை மூன்று கோடுகளில் மட்டுமே தொடுகின்றன. கடினமான தண்டு வழுக்கி, கட்டர் வேலைத் துண்டுக்குள் தானாகவே இறங்கிவிடும். கோலெட் தண்டைச் சுற்றி முழுவதுமாகக் கவ்வும். இஆர்25 அல்லது இஆர்32 வகை போதும். இஆர்32 கோலெட்டுகள் 2 முதல் 20 மி.மீ. வரை கிடைக்கின்றன, ஆனால் எல்லா அளவும் வேண்டாம்: 6, 8, 10, 12 என்று நான்கே நான்கு வாங்கித் தொடங்கலாம். கோலெட்டை முதலில் நட்டுக்குள் சொடுக்கிப் பொருத்திவிட்டு, பிறகு நட்டைத் திருக வேண்டும். வெறும் கோலெட்டை உள்ளே போட்டுவிட்டு நட்டை மேலே திருகினால் அது கோணலாக உட்காரும். கழற்றும்போது உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கோலெட்டை ஸ்பிண்டிலோடு இணைக்கும் பிடிப்பான் உங்கள் ஸ்பிண்டிலின் கூம்புக்குப் பொருந்த வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மினி மில்களில் மோர்ஸ் டேப்பர் 3 அல்லது ஆர்8 என்ற கூம்பு வகை இருக்கும். ஆர்8 என்பது 1938-இல் வந்த பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மெஷின்களால் பரவிய வகை. தேர்வு உங்கள் கையில் இருந்தால் அதையே எடுங்கள். ஏன் என்று கடைசியில் வரும்.

அடுத்தது வைஸ். டிரில்லிங் மெஷினுக்கான மலிவு வைஸ் இங்கே உதவாது, இறுக்கும்போது அதன் நகரும் தாடை மேலே தூக்கும். முழுவதும் கிரைண்டிங் செய்யப்பட்ட, குறுக்காக இழுத்து இறுக்கும் டூல்மேக்கர் வைஸ் விலை குறைவு, துல்லியம் அதிகம். சிறிய மேசையில் இடத்தையும் அடைக்காது.

டயல் இண்டிகேட்டரும் காந்த அடித்தளமும் கட்டாயம். வெர்னியர் காலிப்பர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். வேலைத் துண்டை உயர்த்தி வைக்கும் பேரலல் கட்டைகளை வாங்காமலும் சமாளிக்கலாம்: ஒரே எண் கொண்ட இரண்டு பழைய பேரிங்குகளைப் பிரித்து வெளி வளையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங் வளையத்தின் இரு பக்கங்களும் ஒன்றுக்கொன்று துல்லியமாக இணையாகச் செய்யப்பட்டிருக்கும்; இரண்டு வளையங்களின் அகலமும் ஒன்றுதானா என்று மட்டும் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். குப்பைக்குப் போக வேண்டிய பொருள் அருமையான ஜோடியாகிவிடும்.

கட்டர்களில் ஹைஸ்பீட் ஸ்டீலா கார்பைடா என்ற விவாதம் முடிவதில்லை. கார்பைடு கடினம், வேகமாக ஓடும், ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. சிறிய இயந்திரம் அதிரும். அதிர்வில் கார்பைடின் முனை உதிரும். ஹைஸ்பீட் ஸ்டீல் பொறுத்துப்போகும். முதல் ஆண்டு முழுவதும் அதிலேயே ஓட்டுங்கள். அலுமினியத்துக்கு இரண்டு அல்லது மூன்று பல், இரும்புக்கு நான்கு பல். அலுமினியச் சீவல் பருமனாக வரும்; நான்கு பல் கட்டரின் சிறிய பள்ளத்தில் அது அடைத்துக்கொள்ளும்.

வேலைக்கு முன் இயந்திரத்தைச் சரிபார்த்தல்

மேசையின் தடங்களில் ஜிப் எனப்படும் ஆப்புப் பட்டை இருக்கும். அதன் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கி, கைச்சக்கரத்தைச் சுற்றினால் லேசான தடை தெரியும் அளவில் நிறுத்துங்கள். புது இயந்திரங்களில் இது பெரும்பாலும் தளர்வாகவே வரும். ஒரு மணி நேரம் இதில் செலவழித்தால் இயந்திரம் ஒரு படி பெரிதாகிவிட்டதுபோல் உணர்வீர்கள். காசே செலவில்லை.

அடுத்து ஸ்பிண்டில் மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பிண்டிலில் ஒரு வளைந்த கம்பியைப் பிடித்து, அதன் நுனியில் இண்டிகேட்டரைக் கட்டி, மையத்திலிருந்து 75 மி.மீ. தள்ளி மேசையைத் தொடச் செய்யுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் சுற்றி, இடது புறமும் வலது புறமும் முள் காட்டுவதை ஒப்பிடுங்கள். மேசையின் டி வடிவப் பள்ளங்கள் இண்டிகேட்டரைத் தடுக்கும். இங்கேயும் பேரிங் உதவுகிறது: பெரிய பேரிங் ஒன்றின் வெளி வளையத்தை மேசையில் படுக்கவைத்து, அதன் விளிம்பின் மேல் இண்டிகேட்டரை ஓட்டினால் தடங்கலில்லாத வட்டப் பாதை கிடைத்துவிடும்.

இடதுக்கும் வலதுக்கும் வேறுபாடு 150 மி.மீ. தூரத்தில் 0.03-க்குள் வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். 10 மி.மீ. கட்டரின் அகலத்தில் இது 0.002 மி.மீ. மட்டுமே. முன்பின் சாய்வுக்குத் தூணின் அடியில் மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருக வேண்டும். அது பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஒரு விடுமுறை நாளுக்கு ஒத்திப்போடலாம்.

வைஸை மேசையில் வைத்து, ஸ்பிண்டிலில் உள்ள இண்டிகேட்டரை அதன் நிலைத் தாடையில் தொடவிட்டு மேசையை நீளவாக்கில் நகர்த்துங்கள். ஒரு போல்ட்டை இறுக்கமாகவும் மற்றதைச் சற்றுத் தளர்வாகவும் வைத்து, தளர்ந்த பக்கத்தை மென்மையான சுத்தியலால் தட்டித் தட்டி முள் அசையாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். நிலைத் தாடையைத்தான் பார்க்க வேண்டும். நகரும் தாடை சொல்வதை நம்பக் கூடாது.

கண்ணாடி, கை, சட்டை

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும். கையுறை எப்போதும் வேண்டாம்: சுழலும் கட்டர் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். மோதிரம், கைக்கடிகாரம், தொங்கும் சட்டைக் கை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கூடாது. சீவலைத் தூரிகையால் மட்டுமே தள்ள வேண்டும், அதுவும் ஸ்பிண்டில் நின்ற பிறகு. மேலே இருக்கும் ட்ராபாரின் (பிடிப்பானை ஸ்பிண்டிலுக்குள் இழுத்து இறுக்கும் நீளத் திருகின்) திருகுச் சாவியைக் கையிலிருந்து விடும் இடம் கருவிப் பெட்டிதான், ட்ராபாரின் தலை அல்ல. மக்னீசியம் கலந்த பழைய வார்ப்புகளைத் தெரியாமல் வெட்ட வேண்டாம். அதன் மெல்லிய சீவல் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் கொழுந்துவிடும்.

கணக்கு: வேகமும் ஊட்டமும்

ஒரே ஒரு சூத்திரம் போதும். வெட்டும் வேகத்தை நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, அதை 318-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள கட்டரின் விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். ஹைஸ்பீட் ஸ்டீல் கட்டருக்கு மைல்டு ஸ்டீலில் 25, வார்ப்பிரும்பில் 20, துருப்பிடிக்காத எஃகில் 12 முதல் 15, பித்தளையில் 50, அலுமினியத்தில் 80 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதாவது 10 மி.மீ. கட்டர் மைல்டு ஸ்டீலில் சுமார் 800 சுற்று, அலுமினியத்தில் சுமார் 2,500. இதைச் சட்டகம் போட்டு இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். இரும்பை 2,500-இல் ஓட்டினால் கட்டரின் முனை சில நொடிகளில் நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். புதியவர்கள் கட்டரை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

ஊட்டம் என்பது மேசையை நகர்த்தும் வேகம். ஒவ்வொரு பல்லும் 0.03 முதல் 0.05 மி.மீ. கடிக்க வேண்டும். இரண்டு பல், 2,500 சுற்று, பல்லுக்கு 0.04 என்றால் நிமிடத்துக்கு 200 மி.மீ. கைச்சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகர்த்துவதாக இருந்தால் நிமிடத்துக்கு 100 சுற்று. இது நீங்கள் நினைப்பதைவிட வேகம். பயந்து பயந்து மெதுவாகச் சுற்றினால் பல் கடிக்காமல் தேய்க்கும். தேய்ப்பதுதான் கட்டரைக் கொல்கிறது. பயம் வந்தால் ஆழத்தைக் குறையுங்கள், ஊட்டத்தைக் குறைக்காதீர்கள்.

ஆழத்துக்குச் சிறிய இயந்திரத்தில் என் தொடக்க அளவு: பள்ளம் வெட்டும்போது அலுமினியத்தில் 1 மி.மீ., இரும்பில் 0.5. இயந்திரம் முனகாமல் போனால் கூட்டிக்கொள்ளலாம்.

கட்டர் கோலெட்டிலிருந்து எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். நீட்டம் இருமடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். விட்டம் 8-இலிருந்து 10 மி.மீ. ஆனால் வளைவு பாதிக்கும் கீழே போகும். ஆகவே தடித்த கட்டர், குட்டையான நீட்டம்.

முதல் பாகம்: ஒரு மோட்டார் தாங்கி

பயிற்சிக்கு 60 × 40 × 20 மி.மீ. அலுமினியக் கட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுவில் நீளவாக்கில் 12 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம் கொண்ட பள்ளம்; நான்கு மூலைகளிலும் விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே 5.5 மி.மீ. துளைகள். 6061 வகை அலுமினியம் கிடைத்தால் நல்லது. தூய அலுமினியம் மிருதுவானது, வெட்டாமல் அப்பிக்கொள்ளும். ரம்பத்தில் அறுக்கும்போது ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. கூடுதலாக விடுங்கள்.

கட்டையை மூலைமட்டத்துக்குக் கொண்டுவருவது. ரம்பத்தில் அறுத்த கட்டையின் எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாக இருப்பதில்லை. அதை அப்படியே வைஸில் இறுக்கினால் நகரும் தாடை கட்டையைத் தன் சாய்வுக்குத் திருப்பிவிடும். இதற்குப் பழைய வித்தை ஒன்று உண்டு: கட்டைக்கும் நகரும் தாடைக்கும் நடுவே ஓர் உருண்டைக் கம்பித் துண்டைக் கிடையாக வைப்பது. உருளை ஒரே கோட்டில் மட்டும் அழுத்துவதால், கட்டையின் மறுபக்கம் நிலைத் தாடையில் முழுவதுமாகப் படிந்துவிடும். உடைந்த எண்ட் மில்லின் தண்டு இதற்கு மிகப் பொருத்தம். உடைத்தது வீண்போகவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஓர் அகலமான முகத்தை மேலே வைத்து, உருளையோடு இறுக்கி, மேற்பரப்பு முழுவதும் பளபளப்பாகும் வரை சீவுங்கள். இது முதல் முகம். இனி எல்லாம் இதை நம்பித்தான் நடக்கும். கட்டையை எடுத்து, பிசிறை அரத்தால் நீக்கி, முதல் முகத்தை நிலைத் தாடையில் சாய்த்து, உருளையை மறுபடி வைத்து, இரண்டாவது முகத்தைச் சீவுங்கள். அது தானாகவே முதல் முகத்துக்குச் செங்குத்தாக வரும். அடுத்து, முதல் முகம் நிலைத் தாடையிலேயே இருக்க, இரண்டாவது முகத்தைப் பேரலல் மேல் கீழ்நோக்கி வைத்து மூன்றாவதைச் சீவுங்கள். வைஸை இறுக்கிய பிறகு மென்மையான சுத்தியலால் கட்டையைத் தட்டி, அடியில் உள்ள இரண்டு பேரலல்களையும் விரலால் தள்ளிப் பாருங்கள். இரண்டும் அசையாமல் இருக்க வேண்டும். ஒன்று நகர்ந்தாலும் கட்டை தூக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நான்காவது முகத்துக்கு முதல் முகம் அடியில் போகும். இப்போது தாடைகளுக்கு நடுவே இருப்பவை இணையான முகங்கள், உருளை தேவையில்லை. கடைசி இரண்டு முனைகளுக்கு, கட்டையை வைஸின் ஓரத்துக்கு வெளியே சற்று நீட்டி, எண்ட் மில்லின் பக்கத்தால் சீவுவது எளிது. ஒவ்வொரு முறை கட்டையைத் திருப்பும்போதும் தாடைகளைத் துடையுங்கள். ஒரே ஒரு சீவல் இடையில் மாட்டினால் அதுவரை செய்த அத்தனையும் கோணல்.

அகலமான முகங்களைச் சீவ ஃப்ளை கட்டர் மிக மலிவான கருவி: ஒரு தண்டு, அதில் சாய்வாகப் பொருத்திய ஒற்றை வெட்டுமுனை. அலுமினியத்தில் 50 மி.மீ. வட்டத்துக்கு 500 சுற்று. மைல்டு ஸ்டீல் என்றால் 160-ஐத் தாண்ட வேண்டாம். முன்னே போகும்போதும் பின்புறம் திரும்பும்போதும் மெல்லிய குறுக்குக் கோடுகள் விழுந்தால் ஸ்பிண்டில் செங்குத்தாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு பக்கக் கோடு மட்டும் தெரிந்தால் சற்றுச் சாய்ந்திருக்கிறது.

எந்தத் திசையில் நகர்த்துவது. கட்டர் போகும் திசையைப் பார்த்து அதன் பின்னால் நீங்கள் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். வெட்டப்படும் உலோகம் இடது பக்கம் இருந்தால் அது வழக்கமான மில்லிங். பல் மெல்லியதாகத் தொடங்கித் தடிமனாக வெளியேறும். வலது பக்கம் இருந்தால் கிளைம்ப் மில்லிங். பல் தடிமனாகக் கடித்து, மேசையைத் தன் பக்கம் இழுக்கும். மேசையை நகர்த்தும் திருகான சாதாரண லீட் ஸ்க்ரூவில் கொஞ்சம் இடைவெளி இருக்கும். இழுபட்ட மேசை அந்த இடைவெளி அளவுக்குத் திடீரென்று பாயும், கட்டர் ஒடியும். எனவே கைச்சக்கர இயந்திரத்தில் வழக்கமான திசையிலேயே வெட்டுங்கள். கடைசியாக 0.05 மி.மீ. மட்டும் நீக்கும் மெருகு ஓட்டத்துக்கு, ஜிப்பைச் சற்று இறுக்கிக்கொண்டு கிளைம்ப் திசையில் போனால் பரப்பு அழகாக வரும். இன்னொன்று: நகர்வது மேசைதான். மேசை இடதுபுறம் போனால், கட்டர் வலதுபுறம் போவதாகக் கணக்கு. இதைக் குழப்பிக்கொள்ளாதவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பள்ளம். 12 மி.மீ. பள்ளத்தை 12 மி.மீ. கட்டரால் ஒரே ஓட்டத்தில் வெட்டினால் கட்டர் ஒரு பக்கம் வளைந்து, பள்ளம் அகலமாகவும் கோணலாகவும் வரும். 10 மி.மீ. கட்டரை எடுத்து முதலில் நடுவில் ஓட்டுங்கள். ஓட்டத்துக்கு 1 மி.மீ. ஆழம் என்றால் ஆறு ஓட்டம். பிறகு ஒரு பக்கம் 1 மி.மீ. தள்ளி ஒரு சுவர், மறுபக்கம் 1 மி.மீ. தள்ளி எதிர்த் திசையில் மற்றச் சுவர். நகராத அச்சுகளின் பூட்டுத் திருகுகளை ஒவ்வொரு முறையும் இறுக்குங்கள்.

மண்ணெண்ணெயைச் சிறு தூரிகையால் தொட்டுத் தடவினால் அலுமினியம் பல்லில் ஒட்டாது. துளித் துளியாகத்தான், கிண்ணத்தைக் கட்டரின் அருகில் வைக்க வேண்டாம். இரும்புக்கு வெட்டெண்ணெய். வார்ப்பிரும்புக்கும் பித்தளைக்கும் ஒன்றும் வேண்டாம்.

வெட்டும்போது கண் சீவலில் இருக்கட்டும். சின்னச் சின்னக் காற்புள்ளிபோல் சீவல் தெறித்தால் எல்லாம் சரி. பொடியாக வந்தால் ஊட்டம் போதவில்லை. இரும்பில் ஹைஸ்பீட் ஸ்டீல் கட்டர் வெள்ளியாகவோ லேசான வைக்கோல் நிறத்திலோ சீவல் தர வேண்டும். நீலமாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். காதுக்குக் கீச்சென்ற அலறல் கேட்டால் அதிர்வு தொடங்கிவிட்டது: சுற்றைக் குறைத்து ஊட்டத்தைச் சற்றுக் கூட்டுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் எங்கோ ஒரு பிடி தளர்ந்திருக்கிறது. முதலில் கட்டரின் நீட்டம், பிறகு அச்சுப் பூட்டு, பிறகு வைஸ் என்ற வரிசையில் தேடுங்கள்.

துளைகள். விளிம்பைக் கண்டுபிடிக்கும் எட்ஜ் ஃபைண்டரை 10 மி.மீ. முனை கொண்டதாக எடுத்துக்கொள்வோம். 800 சுற்றில் ஓடவிட்டு, கட்டையின் விளிம்பை நோக்கி மெல்ல நகர்த்துங்கள். முதலில் முனை தள்ளாடும். நெருங்க நெருங்கத் தள்ளாட்டம் குறைந்து அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். அடுத்த 0.01 மி.மீ.யில் சட்டென்று பக்கவாட்டில் துள்ளும். அந்தத் துள்ளலில் ஸ்பிண்டிலின் மையம் விளிம்பிலிருந்து சரியாக 5 மி.மீ. வெளியே இருக்கிறது.

துளை விளிம்பிலிருந்து 8 மி.மீ. உள்ளே வேண்டும். எனவே நகர வேண்டியது 13 மி.மீ.: 2 மி.மீ. லீட் ஸ்க்ரூவில் ஆறரைச் சுற்று. ஃபைண்டரை முதலில் மேலே தூக்கிவிட்டு நகர்த்துங்கள். இந்த 5 மி.மீ.யை மறந்து, விளிம்பிலிருந்து 3 மி.மீ. தூரத்தில் அழகாகத் துளைபோட்ட பாகம் ஒன்று என் மேசையில் காகிதம் பறக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மறு அச்சிலும் இதையே செய்துவிட்டால் முதல் துளையின் இடம் கிடைத்துவிடும். அடுத்த துளை நீளவாக்கில் 44 மி.மீ. தள்ளி, 22 சுற்று. குறுக்கே 24 மி.மீ., 12 சுற்று. எல்லா இடத்துக்கும் ஒரே திசையிலிருந்து வந்து சேர வேண்டும். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பாதீர்கள். ஒரு முழுச் சுற்றுப் பின்வாங்கி, மறுபடி முன்னே வந்து நிறுத்துங்கள். அப்போதுதான் திருகின் இடைவெளி எப்போதும் ஒரே பக்கம் இருக்கும். எண்ணிக்கை தவறும் என்று பயந்தால் மலிவான டிஜிட்டல் அளவுகோல் இரண்டை மேசையோடு பொருத்தலாம். எனக்குத் தெரிந்து இயந்திரத்தின் தரத்தை இந்த அளவுக்கு உயர்த்தும் வேறு மேம்பாடு இல்லை.

ஒவ்வொரு இடத்திலும் சென்டர் டிரில்லால் முதலில் குழி போட்டு, மேசையை நகர்த்தாமல் 5.5 டிரில்லை மாற்றித் துளையிடுங்கள். இங்கே டிரில் சக் தாராளமாகப் பயன்படலாம், அதன் வேலையே இதுதான்.

இரும்புக்குப் போகும்போது

சூடாக உருட்டிய இரும்பின் கறுப்புத் தோல் கண்ணாடிபோல் கடினமானது. கட்டரால் அதைச் சுரண்ட வேண்டாம்; வினிகரில் ஓரிரவு ஊறவைத்துத் தேய்த்தால் உதிர்ந்துவிடும், அல்லது முதல் ஓட்டத்தை அந்தத் தோலுக்கு அடியில் ஆழமாக எடுங்கள். குளிர்நிலையில் இழுத்த கம்பியோ பட்டையோ பளபளப்பாக, சுத்தமாக இருக்கும். ஆனால் உள்ளே அழுத்தம் பூட்டியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் நிறையச் சீவினால் வைஸிலிருந்து எடுத்தவுடன் வில்போல் வளையும். இரண்டு பக்கமும் மாறி மாறிச் சீவ வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் நடுவழியில் நிறுத்தித் தயங்காதீர்கள். தேய்ந்த இடம் அங்கேயே கடினமாகி அடுத்த பல்லை மழுக்கும். பெயர் தெரியாத பழைய இரும்பை எடுத்தால் முதலில் ஓர் அரத்தை இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் அது உங்கள் கட்டருக்கான இரும்பு அல்ல.

வைஸில் அடங்காத துண்டை மேசையில் கிளாம்ப் போட்டுப் பிடிக்கும்போது போல்ட் வேலைத் துண்டுக்கு அருகிலும், பின்னால் இருக்கும் முட்டுக்கட்டையிலிருந்து தொலைவிலும் இருக்கட்டும். முட்டுக்கட்டை வேலைத் துண்டைவிட இம்மி உயரமாக இருக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தால் போல்ட் எவ்வளவு இறுகினாலும் விசை முட்டுக்கட்டைக்குத்தான் போகும். மெல்லிய தகடுகளுக்குக் கிளாம்பே வேண்டாம். தகட்டிலும் ஒரு தட்டையான பலகையிலும் காகித நாடா ஒட்டி, நாடாக்களுக்கு நடுவே உடனொட்டும் பசை தடவி அழுத்துங்கள். லேசான வெட்டுக்கு அது தாங்கும். முடிந்ததும் நாடாவை உரித்தால் தகடு சுத்தமாக வந்துவிடும்.

வேலை முடிந்ததும்

பாகத்தின் எல்லா விளிம்புகளிலும் அரத்தை ஒருமுறை லேசாக ஓட்டிப் பிசிறை எடுத்த பிறகே அளவெடுங்கள். பிசிறோடு அளந்தால் 0.1 மி.மீ. பொய் வரும். கட்டை சூடாக இருந்தால் ஆறட்டும்.

சீவலைத் தூரிகையால் தள்ளிக் கூட்டுங்கள். காற்றழுத்தக் குழாய் வேண்டாம்: சீவலைத் தடங்களின் இடுக்குக்குள்ளும் கண்ணுக்குள்ளும் அனுப்பும். தடங்களையும் லீட் ஸ்க்ரூவையும் துடைத்து, எண்ணெய் தடவி, மேசையை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

ஸ்பிண்டில் மோர்ஸ் டேப்பராக இருந்தால் ட்ராபாரை இறுக்கிய நிலையில் இரவு விட்டுவிடக் கூடாது. வேலையின் சூட்டில் ஸ்பிண்டிலும் பிடிப்பானும் விரிந்து, ஆறும்போது ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். மறுநாள் சுத்தியல் எடுக்க வேண்டிவரும், அந்த அடி நேராக ஸ்பிண்டில் பேரிங்குக்குப் போகும். ஆர்8 கூம்பின் சரிவு அதிகம் என்பதால் அது இப்படிப் பிடிவாதம் பிடிப்பதில்லை. மோர்ஸ் டேப்பர்காரர்கள் விளக்கை அணைக்கும் முன் ட்ராபாரை அரைச் சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் மென்மையான சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, பிடிப்பானைக் கையில் வாங்கி வைத்துவிட வேண்டும்.